கோடு இருந்ததா

ஜூலை 3, 2025. இரவு 10:20

டர்பனை விட்டாச்சு. பைலட்டை ஹெலிகாப்டர் வந்து தூக்கிக்கொண்டு போனது. ஹோல்டு ஐந்தும் காலி, பாலாஸ்ட் முழுக்க. எஸ்பரன்ஸ் வரை கிட்டத்தட்ட 4,500 மைல். பதினாறு நாள் போட்டிருக்கிறேன். கேப்டன் பதினைந்து என்கிறார். குளிர்காலத்தில் இந்தக் கடலில் பதினைந்தா. பார்ப்போம்.

துறைமுக வாயிலைத் தாண்டியதும் கேனட் பறவைக் கூட்டம். சாளை வரும் சீசன். நூறு, நூற்றைம்பது இருக்கும். தலைகீழாக விழுந்துகொண்டே இருந்தன. எண்ணி முடிப்பதற்குள் இருட்டிவிட்டது.

இடது கீழ்க் கடைவாய்ப்பல் லேசாக. ஒன்றும் இல்லை.

வீட்டுக்கு அனுப்பியது நீல டிக் ஆகிவிட்டது. பதில் இல்லை. ஆறு மாசம் என்று சொல்லிவிட்டு வந்து இது எட்டாவது மாசம். பதில் எப்படி வரும்.

12 மணிக்கு வாட்ச். ஒரு மணி நேரம் படுக்கலாம்.

ஜூலை 4

நூன்: 31°52′ தெ, 34°40′ கி. தென்மேற்குக் காற்று, ஃபோர்ஸ் 5.

மஞ்சள்மூக்கன் அல்பட்ராஸ் 7. கறுப்பு அலகு, மேல் முகட்டில் மட்டும் மஞ்சள், நுனியில் சிவப்பு. தலை வெள்ளை. அப்போ இந்தியப் பெருங்கடல் வகை. அட்லாண்டிக் வகைக்குத் தலை சாம்பல். ஆனால் வெயில் நேரே அடித்தால் சாம்பல் வெள்ளையாகிறது, மேகம் வந்தால் வெள்ளை சாம்பலாகிறது. சந்தேகம் இருந்தால் மஞ்சள் பட்டை நெற்றியைத் தொடும் இடத்தைப் பார் என்கிறது புத்தகம். கூராக முடிந்தால் இது, உருண்டையாக முடிந்தால் அது. உருளுகிற கப்பலில், ஏழு மடங்கு பைனாகுலரில், இருநூறு மீட்டர் தூரத்தில். எழுதின மனுஷரைக் கூட்டிக்கொண்டு வந்து இந்தப் பிரிட்ஜ் விங்கில் ஒரு வாட்ச் நிறுத்தணும்.

ஷை அல்பட்ராஸ் வகை 2. இறக்கை அடி முழுக்க வெள்ளை, மெல்லிய கறுப்புக் கரை, அக்குளில் மட்டும் ஒரு கைநாட்டு. நிஜமாகவே கைநாட்டு. மை தொட்டு வைத்த மாதிரி. ஆப்பிரிக்கக் கரையோரம் மேய்வதில் பெரும்பாலானவை நியூசிலாந்துக்குத் தெற்கே ஆக்லாந்து தீவுகளில் பொரித்தவை. சாப்பிட இங்கே வருகின்றன. சம்பாதிக்க நான் வந்த மாதிரி என்று எழுதப் போனேன். வேண்டாம்.

கேடட் பையன் என் வாட்ச்சில். நாகப்பட்டினம். ஒவ்வொரு பறவைக்கும் ஒரே கேள்வி: “சார், இதுவும் அதேதானா?”

எனக்கு எப்படிடா தெரியும்.

ஜூலை 5

தூக்கம் இரண்டு மணி நேரம். காலிக் கப்பல் உருளும் உருளலில் மெத்தையின் இரண்டு பக்கமும் லைஃப்ஜாக்கெட் செருகிக்கொண்டு படுத்தேன். தொட்டிலில் போட்ட மாதிரி.

வெள்ளைத்தாடைப் பெட்ரல் 11. பெயரிலேயே வெள்ளைத்தாடை. ஒன்றுக்குக்கூட வெள்ளை தெரியவில்லை. கரிய உடம்பு, தந்தம் போல மஞ்சளான அலகு, நுனியில் கறுப்பு கிடையாது. அலகை வைத்துத்தான் எழுதினேன். லாங்லைன் தூண்டிலில் அதிகம் மாட்டிச் சாகிறவற்றில் இதுவும் ஒன்று. இரைக்கு முங்கும். முள்ளோடு சேர்ந்து கீழே போய்விடும்.

பல் இருக்கிறது. பதில் இல்லை.

ஜூலை 6

நூன்: 35°10′ தெ, 45°05′ கி.

கேப்டன் பிரிட்ஜில் பறவைப் புத்தகம் இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். நியாயம்தான். பைனாகுலர் போட்டு அடிவானத்தைப் பார்ப்பது என் வேலை. பார்க்கிற இடத்தில் பறவை இருந்தால் நான் என்ன செய்ய. புத்தகம் இப்போது சார்ட் டேபிள் டிராயரில், அலையேற்ற அட்டவணைக்கு அடியில்.

இன்று பறவை குறைவு. அப்பா நினைவு. தோணியில் தண்டலாக இருந்தார். கொழும்புக்கு வெங்காயம், மாலத்தீவுக்குக் காய்கறி. கடலில் பறப்பதெல்லாம் அவருக்கு இரண்டே சாதி. ஒன்று ஆலா, மற்றது கடக்காக்கா. அந்த இரண்டு பெயரை வைத்துக்கொண்டே கரை எந்தப் பக்கம், எங்கே மீன், எல்லாம் சொல்வார். என் புத்தகத்தில் அல்பட்ராஸ் மட்டும் 22 இனம்.

கேடட்டுக்கு ஒரு பழக்கம் சொல்லிக்கொடுத்தேன். பறவை போனதும் முதலில் படம் வரை. புத்தகத்தைத் திறக்காதே. திறந்தால் பார்த்தது போய்விடும், படித்ததுதான் நிற்கும்.

ஜூலை 7

வாண்டரர் அல்பட்ராஸ்!

13:25. வலது பக்கம், பின்னாலிருந்து. முதலில் தூரத்தில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும். அலையின் பள்ளத்தில் இறங்கிக் காணாமல் போகும். நான்கு எண்ணுவதற்குள் மேலே, காற்றுக்கு முகம் கொடுத்து, ஒரு இறக்கை நுனி தண்ணீரைப் பார்த்து, மற்றது வானத்தைப் பார்த்து. அப்படியே திரும்பி மறுபடி சரிவு. மேலே காற்று வேகம் அதிகம், தண்ணீருக்குப் பக்கத்தில் குறைவு. அந்த வித்தியாசத்தைத் தின்றே பிழைக்கிறது. பதினொரு நிமிஷம் பார்த்தேன். ஒருமுறைகூட இறக்கை அடிக்கவில்லை. தோளில் ஒரு தசைநாண் பூட்டிக்கொள்ளுமாம். சதைக்கு வேலையே இல்லை.

கிழ ஆண். முதுகு வெள்ளை, இறக்கையிலும் பாதி வரை வெள்ளை. ராயல் இல்லையே? அலகு பார்த்தேன். முழு இளஞ்சிவப்பு. மேல் அலகின் வெட்டு ஓரத்தில் கறுப்புக் கோடு இல்லை. ராயலுக்கு அது இருக்கும். இதற்கு இல்லை. நன்றாகப் பார்த்தேன். பிரிட்ஜ் விங்குக்கு நேராக வந்து, என் முகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனது.

மஞ்சள்மூக்கனைப் பெரிது என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன்.

இன்று பல் வலிக்கவே இல்லை.

ஜூலை 8

வலிக்கிறது.

சமையல்காரர் மத்தியானம் கழிவைக் கடலில் கொட்டினார். ஜயண்ட் பெட்ரல் 17. எங்கிருந்து வந்தன என்று தெரியவில்லை. ஐந்து நிமிஷம் முன்பு ஒன்றுமில்லாத கடல். கூனிய முதுகு, தடித்த அலகு. பந்திக்கு அழைக்காமல் வந்து முதல் வரிசையில் உட்காரும் ஆட்கள். வடக்கு, தெற்கு என்று இரண்டு இனம். அலகு நுனி செம்பழுப்பு என்றால் வடக்கு, வெளிறிய பச்சை என்றால் தெற்கு. சிவப்பு 5. பச்சை 3. மீதி 9 சொல்ல முடியவில்லை. அலகு முழுக்கச் சோற்றில்.

ஹாஸ்பிட்டல் பொறுப்பு என்னிடம். நோயாளியும் நானே, வைத்தியரும் நானே. கைடு புத்தகத்தில் பல் பக்கத்தைப் பார்த்தேன். கிராம்பு எண்ணெய், பாராசிட்டமால், துறைமுகம் வந்ததும் பல் டாக்டர். மருந்துப் பதிவேட்டில் கொடுத்தவர் கையெழுத்து, வாங்கியவர் கையெழுத்து இரண்டும் நான்.

ஆபீஸிலிருந்து மெயில். எஸ்பரன்ஸில் ரிலீவர் “ஏற்பாட்டில்” இருக்கிறார். போன தடவையும் ஏற்பாட்டில்தான் இருந்தார்.

ஜூலை 9

பேரோமீட்டர் 984. ஃபோர்ஸ் 9. வேகம் ஏழரை நாட். மெஸ்ஸில் சாம்பார் மேலிருந்து கீழே போகவில்லை, பக்கவாட்டில் போனது. எழுத முடியவில்லை.

நாங்கள் படும் பாட்டில் அவை மட்டும் சந்தோஷமாக இருக்கின்றன. வாண்டரர் 4. கடிகாரம் மறுபடி ஒரு மணி முன்னே. எனக்கு வரவேண்டிய தூக்கத்திலிருந்துதான் அந்த மணியும் போகிறது.

ஜூலை 10. அதிகாலை 4:30

தூங்கப் போகுமுன் எழுதிவிடணும்.

02:10க்கு இடது விங்கில் தொப் என்று சத்தம். ஏபி மாலுமி டார்ச் அடித்துக் கூப்பிட்டார். மூலையில் ஒரு பிரியான். புறா அளவு. நீலச் சாம்பல் முதுகில் இறக்கைக்கு இறக்கை வளைந்து போகிற கறுப்பு வரி. பனி மூட்டத்தில் எங்கள் விளக்கைப் பார்த்து வந்து மோதியிருக்கிறது. ரத்தம் இல்லை. மூச்சு மட்டும் வேகமாக.

கையில் எடுத்தேன். கையுறை போட்டிருந்தும் அதன் நெஞ்சுத் துடிப்பு தெரிந்தது. கனமே இல்லை. பறவைகளை இத்தனை வருஷமாகப் பார்க்கிறேன், பிரியானைக் கையில் பிடிப்பது இதுதான் முதல் தடவை. பிரியான்களைப் பறக்கும்போது பிரிக்கவே முடியாது. புத்தகமே கையை விரித்துவிடுகிறது. அலகின் அகலம்தான் வழி. இப்போது அலகு என் விரலுக்குள் இருக்கிறது. இதைவிட என்ன வேண்டும்?

கேடட்டை விரட்டி என்ஜின் ரூம் வொர்க்‌ஷாப்பிலிருந்து வெர்னியர் காலிப்பர் கொண்டுவரச் சொன்னேன். பிஸ்டன் ரிங் அளக்கிறது. எண்ணெயைத் துடைத்துவிட்டு அளந்தேன். அடிப்பக்கம் 15.8 மில்லிமீட்டர். மறுபடி: 15.5. மூன்றாவது தடவை அது தலையை ஆட்டியது, 16.1.

அன்டார்க்டிக் பிரியானுக்குக் கொஞ்சம் பெரியது. சால்வின் பிரியானுக்குக் கொஞ்சம் சிறியது. நடுவில். மேல் அலகுக்குள் சீப்புப் பல் மாதிரி ஒரு வரிசை உண்டு, தண்ணீரை வடிகட்ட. சால்வினுக்கு வாய் மூடியிருந்தாலும் வெளியே தெரியும் என்கிறார்கள். தெரிந்த மாதிரி இருந்தது. டார்ச்சை நகர்த்தினேன், தெரியாத மாதிரி இருந்தது. ஒரு சொட்டு உப்பு நீர் மூக்குக் குழாயிலிருந்து வழிந்து அலகு நுனியில் வந்து நின்றது. விழவில்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கையில் வைத்துக்கொண்டே தெரியவில்லை.

நூடுல்ஸ் அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்தோம். 03:40க்கு விங் விளக்கை அணைத்துவிட்டு, காற்று மறைவுப் பக்கம் கையை நீட்டினேன். ஒரு விநாடி உட்கார்ந்திருந்தது. பிறகு இல்லை.

பிரியான், இனம் தெரியவில்லை, 1.

ஜூலை 11

கையில் இன்னும் அந்த வாசனை. பழைய புத்தகம், மீன் எண்ணெய், ஈரக் கம்பளி. மூன்று முறை சோப்பு போட்டாச்சு. போகவில்லை. போக வேண்டாம் என்றும் இருக்கிறது.

மூன்றாவது என்ஜினியர் காலிப்பரைக் கேட்டார். எதற்கு எடுத்தீர்கள் என்றார். சொன்னேன். ஒன்றும் பேசாமல் வாங்கிக்கொண்டு போனார்.

வீட்டிலிருந்து: “ம்.”

ஒரே எழுத்து. ஒரு மணி நேரம் அதையே ஆராய்ந்தேன். கோபமா, சம்மதமா, தூக்கமா. இதற்கும் ஒரு புத்தகம் இருந்தால் தேவலை.

ஜூலை 12

நூன்: 40°02′ தெ, 76°40′ கி. செயின்ட் பால் தீவு வடக்கே எண்பது, தொண்ணூறு மைல். அதற்கும் வடக்கே அம்ஸ்டர்டாம். இரண்டும் சார்ட்டில் மட்டும்தான். இந்த அட்சரேகைக்குத் தெற்கே போகக்கூடாது என்று கேப்டன் கோடு போட்டது தற்செயல். எனக்கு நாலு நாளாக அந்தத் தீவுகளின் நினைப்பு.

மேகம். ஃபோர்ஸ் 6. வெளிச்சம் தட்டையாக, நிழலே இல்லை. இது நல்லது. வெயில் இருந்தால் பொய் சொல்லும்.

14:47. பெரிய அல்பட்ராஸ். பழுப்பு. இடது பக்கம் 300 மீட்டர், பிறகு பின்னால், பிறகு ஒரே ஒருமுறை 60, 70 மீட்டருக்குள்.

மறக்குமுன்: மேல்பக்கம் முழுக்கப் பழுப்பு, சாக்லேட்டை விடக் கொஞ்சம் வெளுப்பு. முகமூடி போட்ட மாதிரி வெள்ளை முகம். மார்பில் அகலமான பழுப்புப் பட்டை. வயிறு வெள்ளை. இறக்கை அடி வெள்ளை, நுனி கறுப்பு. வால் அடியில் பழுப்பு. அலகு இளஞ்சிவப்பு, நுனி மங்கல். மேல் அலகின் வெட்டு ஓரத்தில் கறுப்புக் கோடு.

கோடு.

பார்த்தேன். கிட்டே வந்தபோது, தலையைத் திருப்பியபோது, வாயிலிருந்து நுனி வரை பென்சிலில் இழுத்த மாதிரி. இளம் வாண்டரரும் பழுப்பு. வெள்ளை முகம் அதற்கும் உண்டு. ஒன்றிரண்டு வருஷத்தில் வயிறு வெளுத்து, மார்புப் பட்டை வந்து, இதே சட்டையைப் போட்டுக்கொண்டு திரியும். ஆனால் அதற்குக் கோடு கிடையாது. அம்ஸ்டர்டாம் அல்பட்ராஸுக்கு உண்டு. அது வயசான பிறகும் பழுப்பாகவே இருந்து, பழுப்பாகவே முட்டையிடும்.

நான்கு நிமிஷம். போய்விட்டது. முழங்கால் நடுங்கியது. கேடட் ஏதோ கேட்டான், காதில் விழவில்லை. ஒரு படகு குறுக்கே வந்திருந்தால்கூடத் தெரிந்திருக்காது. இதைக் கேப்டன் படிக்கக் கூடாது.

அம்ஸ்டர்டாம். அம்ஸ்டர்டாம் அல்பட்ராஸ் 1.

ஜூலை 13

நேற்று சரியாகத் தூங்கவில்லை, சந்தோஷத்தில். பல் வலியிலும்.

வீட்டுக்கு நீளமாக எழுதினேன். உலகத்திலேயே ஒரே தீவில், அந்தத் தீவிலும் ஒரே ஒரு மேட்டு நிலத்தில் மட்டும் குஞ்சு பொரிப்பது. 1983ல்தான் இப்படி ஒரு இனம் இருக்கிறது என்றே எழுதினார்கள். அப்போது வருஷத்துக்கு ஐந்து ஜோடிதான் முட்டையிட்டுக்கொண்டிருந்தது. அதை நான் பார்த்தேன். அனுப்பிவிட்டுப் படித்துப் பார்த்தால் எட்டு மாசமாக வீட்டுக்கு வராதவன் எழுதுகிற கடிதமா இது.

கேமராவில் 43 படம். 41 தண்ணீர், வானம், கைப்பிடிக் கம்பி. இரண்டில் பறவை இருக்கிறது. இன்னும் பெரிதாக்கிப் பார்க்கவில்லை. பயம்.

ஜூலை 14

பார்த்தேன்.

ஒன்றில் கோடு இருக்கிறது. மற்றதில் இல்லை. இல்லாததில் அலகு வெளிச்சத்தில் வெளிறிப்போயிருக்கிறது, லென்ஸில் உப்பு. இருக்கிறதில் அலகு கொஞ்சம் திறந்திருக்கிறது. திறந்த வாயின் இருட்டும் ஒரு கோடு போலத்தானே இருக்கும்?

கேடட்டின் நோட்டை வாங்கினேன். பறவை போன கையோடு அவன் வரைந்தது. புத்தகம் பார்க்காமல். நான்தான் அப்படிச் சொல்லிக்கொடுத்தேன். நன்றாக வரைகிறான். வெள்ளை முகம், பட்டை, வால் அடி எல்லாம் இருக்கிறது. அலகு நுனியைப் பென்சிலால் அழுத்தித் தேய்த்திருக்கிறான். ஓரத்தில் கோடு இல்லை.

“அலகு ஓரத்துல எதுவும் பாத்தியா?”

“இல்ல சார். இருந்துச்சா சார்?”

இருந்தது என்று சொன்னால் அவனும் பார்த்ததாக ஆகிவிடும். ஒன்றும் சொல்லவில்லை. தேநீர் போடச் சொன்னேன். தேவையில்லாமல் கத்தினேன், சர்க்கரை அதிகம் என்று.

நுனி கருமை அம்ஸ்டர்டாமுக்குத்தான். ஆனால் நுனி கருமையை நானே “மங்கல்” என்றுதான் எழுதியிருக்கிறேன். கோடு போட்டவன் நான், நுனியைத் தேய்த்தவன் அவன்.

ஜூலை 15

நூன்: 39°20′ தெ, 95°05′ கி.

கரிய அல்பட்ராஸ் 2. உடம்பு முழுக்கப் புகைக்கரி நிறம், கூர்மையான வால், இறக்கை கத்தி மாதிரி. கீழ் அலகில் ஒரு மஞ்சள் கோடு. அதன் சகோதர இனத்துக்கு அந்தக் கோடு நீலம், முதுகு வெளுப்பு. மஞ்சள் நன்றாகவே தெரிந்தது. நூறு மீட்டர். ஆக எனக்குக் கண் தெரிகிறது. கோடு இருந்தால் தெரிகிறது. அன்று தெரிந்தது அறுபது மீட்டரில்.

இருந்தது.

ஜூலை 16

பல். பல். பல். காதுக்குள் போய்விட்டது. வெந்நீர், உப்பு, கிராம்பு எண்ணெய். சீஃப் மேட் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுக் கறுப்பாக ஏதோ கோடு தெரிகிறது என்றார். சிரிப்பு வந்தது. சிரித்தால் வலித்தது.

பறவை பார்க்கவில்லை.

ஜூலை 17

தூக்கம் வராமல், சேமித்து வைத்திருந்ததையெல்லாம் படித்தேன். 1871ல் அம்ஸ்டர்டாம் தீவில் குடியேறப் பார்த்த ஒரு குடும்பம் சில மாதத்தில் திரும்பிப்போனது. விட்டுப்போனது ஐந்து மாடு. அந்த ஐந்து, நூறு வருஷத்தில் இரண்டாயிரம் ஆனது. மேடெல்லாம் மிதித்தது. பறவை ஐந்து ஜோடிக்கு வந்து நின்றது. பிறகு வேலி போட்டு, கொஞ்சம் கொஞ்சமாக மாடுகளை அகற்றி, பறவை மெல்ல ஏறியது. இந்த ஜனவரியில் தீவு தீப்பிடித்தது. பாதிக்கு மேல் எரிந்தது. அங்கிருந்தவர்களைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

ஜூலையில் அங்கே குஞ்சு கூட்டில் இருக்கும். தாயோ தகப்பனோ இரை தேட ஆயிரக்கணக்கில் கிலோமீட்டர் போகும். நான் பார்த்தது அப்படிப் போன ஒன்றாக இருக்கலாம். வயிறு நிறைய வைத்துக்கொண்டு வடக்கே திரும்பியதா? எந்தப் பக்கம் போனது? வடக்கா? அதையாவது குறித்திருக்கலாம். திசை பார்ப்பதுதானே என் தொழில். குறிக்கவில்லை.

இது தனி இனமே இல்லை, வாண்டரரில் ஒரு கிளைதான் என்று சொல்பவர்களும் உண்டு. அவர்கள் சொல்வது சரியென்றால் எனக்குப் பிரச்சினையே இல்லை. வாண்டரர் 1. முடிந்தது.

முடியவில்லை.

ஜூலை 18

கறுப்புப்புருவம் 6. இறக்கை அடியில் அகலமாகக் கறுப்புக் கரை, ஆரஞ்சு அலகு, மை தீட்டின புருவத்தால் எப்போதும் முறைத்த முகம். என் சின்னத் தாத்தா. இதையும் கேம்பெல் என்ற வகையையும் பிரிக்கக் கண்மணி நிறம் பார்க்கணுமாம். தேன் நிறமா, கறுப்பா. கண்மணி! அலகின் கோட்டுக்கே இங்கே வழியில்லை.

கேடட்: “சார், அன்னைக்குப் பாத்த பழுப்பு, அதுக்கு என்ன பேர் போட?”

“பென்சில்ல எழுது.”

“என்னன்னு சார்?”

கீழே டெலிபோன் அடித்தது. நல்லவேளை.

ஜூலை 19

காற்று குறைந்தது. எட்டு நாளில் முதல்முறையாகக் குளியலறையில் சுவரைப் பிடிக்காமல் நின்றேன்.

கடைசி வாண்டரர் இன்று மதியம். இளசு. கரும்பழுப்பு, வயிறும் பழுப்பு, வெள்ளை முகம். கிட்டே வந்தது, ஐம்பது மீட்டர். அலகு பார்த்தேன். சுத்தமான இளஞ்சிவப்பு. பார்த்துக்கொண்டே இருக்கும்போது வாயைத் திறந்தது. திறந்ததும் ஓரத்தில் ஒரு இருட்டுக் கோடு. மூடியதும் இல்லை.

அட.

ஆனால் அன்று பார்த்தபோது வாய் மூடியிருந்தது. மூடியிருந்ததா? படத்தில் திறந்திருக்கிறது. நான் பார்த்ததும் படம் எடுத்ததும் ஒரே விநாடி இல்லை.

டைரியில் ஜூலை 12 பக்கத்தைத் திருப்பினேன். “பென்சிலில் இழுத்த மாதிரி.” இவ்வளவு அழகாக எழுதியிருப்பதுதான் சந்தேகமாக இருக்கிறது.

ஜூலை 20. எஸ்பரன்ஸ், நங்கூரத்தில்

பதினேழு நாள். கேப்டனும் தோற்றார், நானும் தோற்றேன்.

கரை வாசனை. சிவப்பு மண், ஏதோ இலை. பசிபிக் கல் பறவை 3. கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம், அவ்வளவு பெரிய மஞ்சள் அலகு, நுனியில் சிவப்பு. ஒரு விநாடி. சந்தேகமே இல்லை. அப்பா பாஷையில் கடக்காக்கா. எனக்கு எந்தச் சந்தோஷமும் வரவில்லை.

ஏஜென்ட் பல் டாக்டருக்கு நாளை 10:30 வாங்கியிருக்கிறார். ரிலீவர் இங்கே இல்லை. அடுத்த துறைமுகத்தில். கோதுமை, இந்தோனேசியாவுக்கு.

வீட்டிலிருந்து இரண்டு வரி. “பறவை படம் அனுப்புங்க. பல்லை முதல்ல பாருங்க.” ஐந்து தடவை படித்தேன். இதில் ஆராய்ச்சி வேண்டாம்.

படம் அனுப்பினேன். இரண்டும்.

ஜூலை 21

பிடுங்கியாச்சு. பாதி முகம் மரத்துக் கிடக்கிறது. தண்ணீர் குடித்தால் சட்டையில் வழிகிறது. நாக்கு அந்தக் குழிக்கே போய் நிற்கிறது. இல்லாத இடத்தைத்தான் தடவுகிறது.

அவள் எழுதியிருக்கிறாள்: “முதல் படத்துல வாய் ஓரமா ஒரு கோடு இருக்கே, அது என்ன?”

நான் கோட்டைப் பற்றி அவளுக்கு ஒன்றும் எழுதியிருக்கவில்லை. 13ம் தேதிக் கடிதத்தைத் திறந்து பார்த்தேன். இல்லை. எழுதவில்லை.

அவள் எந்தப் படத்தை முதல் படம் என்கிறாள்? வாய் திறந்த படமா?

அதுதான். திறந்த படம்தான்.

ஜூலை 22

துறைமேடையில் கட்டியாச்சு. நாளை மறுநாள் புறப்பாடு, வடக்கே. இரண்டு நாளில் வெயில் வந்துவிடும். அப்புறம் ஆலாதான்.

கேடட் சுத்தமாக எழுதிய பட்டியலைக் கொண்டுவந்தான். தேதி, இடம், பறவை, எண்ணிக்கை, குறிப்பு. ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டிருக்கிறான். ஜூலை 12, 14:47, 40°02′ தெ, 76°40′ கி என்றே போட்டுவிட்டான். அது நூன் பொசிஷன். ரெண்டே முக்கால் மணி நேரம் கப்பல் ஓடியிருக்கிறது. திருத்தினேன்: 77°20′ கி. அந்த ஒன்று நிச்சயம்.

“பெரிய அல்பட்ராஸ், பழுப்பு, 1.” அது அவன் எழுதியது. குறிப்பு என்ற கட்டம் மட்டும் காலி.

“சார், இதுல என்ன எழுத?”

பென்சிலை வாங்கினேன். மேல் அலகு ஓரம், என்று எழுதினேன். அடுத்த சொல்லுக்கு முன்னால் வாக்கிடாக்கியில் சீஃப் மேட், மூன்றாம் நம்பர் ஹேட்ச் ஏன் இன்னும் மூடியிருக்கிறது என்று.